பின்சீட்டில் இருந்தவரை நான் அளக்கவில்லை

பைக்குக்குக் காற்றைத் தடுக்கும் முன்கண்ணாடியை எந்த உயரத்தில் வைப்பது என்று எழுதித் தரும்படி, தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பொருத்தும் முறையை நான் எழுத வேண்டியதில்லை. பெட்டிக்குள்ளேயே படம் போட்ட தாள் வருகிறது. உயரத்தை மட்டும் எந்தத் தாளும் சொல்வதில்லை. அதைப் பற்றி எனக்கு ஒரு காலத்தில் நல்ல தெளிவு இருந்தது. பிறகு அது போய்விட்டது. அது போன கதையைத்தான் என்னால் எழுத முடியும்.

நான் இயற்பியல் படித்தவன். படிப்புக்கேற்ற வேலை அமையாமல், தக்கலையில் பைக்குகளுக்குக் கூடுதல் பாகங்கள் பொருத்தும் கடையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். முதலாளி என்னை ‘பி.எஸ்ஸி சாரே’ என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. எது எந்தப் பாதி என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பொய் இல்லை. ஓட்டுகிறவரை ஹெல்மெட்டோடு வண்டியில் உட்காரவைத்து, வழக்கம்போல் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் மூக்கிலிருந்து நேராக ஒரு நூலைப் பிடித்துக் கண்ணாடிவரை கொண்டுபோங்கள். கண்ணாடியின் மேல்விளிம்பு அந்த நூலுக்கு அருகே, அல்லது அதற்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். காற்று விளிம்பில் பட்டு மேலேறி ஹெல்மெட்டைத் தாண்டிப் போய்விடும். கண், கண்ணாடிக்கு மேலாகச் சாலையைப் பார்க்கும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஓர் இளைஞர். ஊர் குலசேகரம். “இருக்கதுலயே ஒசரமான கண்ணாடி தாருங்க சாரே” என்றார். கொடுத்தேன். அவருடைய தலைக்கு மேலே இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. பெருமழை பெய்த ஒரு வாரத்துக்குப் பிறகு, கையைத் துணியில் தொங்கவிட்டபடி பேருந்தில் வந்து இறங்கினார்.

“கண்ணாடி கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு சாரே. ஒரு துளி மேல படல்ல. முன்னால நிக்கது மாடா மதிலான்னு மட்டும்தான் தெரியல்ல.”

“எதுதான் நின்னுது?”

“மதில்தான். மாடுன்னா மாறிப் போயிருக்கும்லா.”

முதலாளி கல்லாவிலிருந்தே சொன்னார்: “கண்ணாடிக்கு வைப்பர் கெடையாது, பி.எஸ்ஸி சாரே. கண்ணுக்கு உண்டு. அதுக்கு இமைன்னு பேரு.”

அன்றிலிருந்து நான் நூல் இல்லாமல் கண்ணாடி வைத்ததில்லை. வந்தவர்கள் எல்லோரும் திருப்தியாகத்தான் போனார்கள். நானும் இது நமக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெபசிங்கும் அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சரும் கடைக்கு வந்தது ஆனி மாதத்தில். ஜெபசிங் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளில் மேற்பார்வையாளர். டீச்சருக்கும் அங்கேயே ஒரு பள்ளியில் வேலை. தினமும் தக்கலையிலிருந்து ஒரே பைக்கில் போய், ஒரே பைக்கில் திரும்புகிறவர்கள். டீச்சர் கைக்குட்டையால் இடது கண்ணைப் பொத்தியபடி வாசல் படியிலேயே நின்றுவிட்டார்.

“இவளுக்கு முகவாதம் வந்துட்டு சார்” என்றார் ஜெபசிங். “மத்ததெல்லாம் பைய சரியாவுது. இடது கண்ணு மட்டும் மூடல்ல. காத்து பட்டுக் காஞ்சா கருவிழியில புண்ணு வரும், புண்ணு ஆழமானா பார்வை போயிரும்னு டாக்டர் சொல்லியாச்சு. நல்ல கண்ணாடியா ஒண்ணு மாட்டித் தாருங்க.”

“கொஞ்ச நாளைக்கு பஸ்ல போகலாமே?”

டீச்சர்தான் பதில் சொன்னார். “போய்ப் பாத்தாச்சு சார். ஷட்டர இறக்குங்கன்னா, ‘காத்துக்காகத்தான டீச்சர் ஜன்னல் சீட்டு புடிச்சேன்’னு சண்டைக்கு வாரான். லீவும் ஆஸ்பத்திரியிலயே தீந்துபோச்சு.”

“மூடின ஹெல்மெட்?”

“காதுக்குப் பின்னால ஒரு விரல் பட்டாலே உயிரு போவுது. மூக்குக்கண்ணாடி போட்டுப் பாத்தேன், சைடு வழியா வருது.”

இவ்வளவும் கேட்ட பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். ஜெபசிங்கை வண்டியில் உட்காரச் சொன்னேன். அவருடைய மூக்குக்கு நூல் பிடித்தேன். கண் மூடாதவர் படியில் நின்றுகொண்டிருக்கிறார். நான் அவர் கணவரின் மூக்கை அளந்துகொண்டிருக்கிறேன். இப்போது எழுதும்போது எனக்கே அபத்தமாகத் தெரிகிறது. அன்று கடையில் இருந்த ஒருவருக்கும், அந்தத் தம்பதிக்கும்கூட, அப்படித் தோன்றவில்லை. கண்ணாடி வண்டிக்கு வைப்பது. வண்டி என்றால் ஓட்டுகிறவர். எல்லோருக்கும் அதுதான் எண்ணம்.

முன்னால் இருப்பவரைக் காற்று தாண்டிப் போனால் பின்னால் இருப்பவர் அவருடைய மறைவில் இருப்பார் என்பது என் கணக்கு. கம்பெனிக்காரர்கள் தரும் படங்களில் அப்படித்தான் இருக்கும். அந்தப் படங்களில் பின்னால் இருப்பவர் இருபுறமும் கால் போட்டு, ஓட்டுகிறவரின் முதுகுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருப்பார். நம் ஊரில் சேலை கட்டிய பெண்கள் ஒருபக்கமாக, இடதுபுறம் கால்களைத் தொங்கவிட்டு உட்காருகிறார்கள். அவர்களுடைய தலை ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதில்லை. இடது தோளுக்கு வெளியே இருக்கிறது. என் மனைவியும் என் பைக்கில் காலமெல்லாம் அப்படித்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள். தினமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதை நாம் பார்ப்பதில்லை.

பொருத்தியதும் ஓட்டிப் பார்த்தோம். எங்கள் கடையில் ஓட்டிப் பார்ப்பது என்றால் எப்போதும் குலசேகரம் சாலைதான், நெரிசல் குறைவு. நான் பின்னால் கால் போட்டு உட்கார்ந்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே வண்டி போனது.

“காத்து உண்டா சார்?” என்று கத்தினார் ஜெபசிங்.

“பேருக்குக்கூட இல்ல.”

“அப்போ ஜெயம்தான்.”

ரப்பர் தோட்டத்துக்குள் ஏது காற்று? அவர்கள் தினமும் போகிற சாலை இதற்கு நேர் எதிர்த்திசை. நாகர்கோவில் தாண்டி, இரண்டு மலைகளுக்கு நடுவே காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிற ஆரல்வாய்மொழிக் கணவாய். அங்கே காற்றாலைகளை நட்டது சும்மாவா? ஒருவர் காற்றாலையில் வேலை பார்க்கிறவர், இன்னொருவர் இயற்பியல் படித்தவர். இரண்டு பேரும் காற்றில்லாத இடத்தில் போய்க் காற்று இல்லை என்று கண்டுபிடித்துத் திரும்பினோம்.

சில நாள் கழித்து மீண்டும் வந்தார்கள். டீச்சரின் கண் சிவந்திருந்தது. இந்த முறை படியில் நிற்காமல் நேராக என்னிடம் வந்தார்.

“காலம்பற ஒண்ணும் தெரியல்ல சார். சாயங்காலம் திரும்பி வரும்போதான் இந்தக் கண்ணுல சுத்திச் சுத்தி அடிக்குது. கண்ணாடி வச்சதுக்குப் பொறவுதான் கூடுதலுன்னு தோணுது.”

“அப்பிடி இருக்காது டீச்சர். கண்ணாடி காத்தைக் குறைக்கத்தான் செய்யும்.”

அதோடு நிறுத்தவில்லை. ஓர் அட்டைப் பெட்டியின் மூடியில் படம் வரைந்தேன். வண்டி, கண்ணாடி, ஓட்டுகிறவர், அவர் தலைக்கு மேல் வளைந்து போகிற காற்று. டீச்சர் பாடம் எடுக்கிறவர் அல்லவா, முழுவதையும் கவனமாகக் கேட்டார்.

“படம் சரி சார். இதுல நான் எங்க இருக்கேன்?”

ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒரு வட்டம் போட்டேன்.

“இதுவா நான்? நான் சரிஞ்சுல்லா இருப்பேன்.”

“அதுல பெரிய வித்தியாசம் இல்ல டீச்சர்” என்றேன்.

ஜெபசிங் நடுவில் புகுந்தார். “ஏட்டி, சார் படிச்ச ஆளு. சாயங்காலம் உனக்குக் களைப்பு. களைச்ச கண்ணுக்கு ஃபேன் காத்தும் புயலுதான்.”

“உங்களுக்குக் கண்ணு மூடுது. பேசலாம்” என்றார் டீச்சர்.

முதலாளி எழுந்து வந்து கண்ணாடியைச் சுற்றிப் பார்த்தார். “கழத்திப் போடும் சாரே. ரெண்டு மூணு நாளு இது இல்லாம போய்ட்டு வரட்டும். எதுனால எதுன்னு அப்போ தெரியும்லா.”

எனக்குக் கோபம் வந்தது. “போன வாரம் குளச்சல் மீன் யாவாரி காத்து அடிக்குன்னு வந்தப்போ ஒசத்தி வைக்கச் சொன்னீங்க. இப்போ கழத்தச் சொல்லுகீங்க.”

“அது அவன். இது இவிய.”

“விதி ஒண்ணுதான?”

“எனக்கு எங்க ஓய் விதி? வண்டி வருது, தோணினதச் சொல்லுகேன்.”

எனக்கு அது பதிலாகத் தோன்றவில்லை. ஜெபசிங் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்தால் இருவரும் வேலைக்குப் போக வேண்டும். நான் வைத்த கண்ணாடியை நானே கழற்றி அனுப்பினால், வைத்தது தவறு என்று அந்த வண்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போகும். மாறாக, பெரிதாக ஒன்றை வைத்தால் போதாததைப் போதுமானதாக்கியது போல இருக்கும். விதியைக்கூட மீறி, இன்னும் உயரமும் அகலமுமான கண்ணாடியை எடுத்து மாட்டினேன். டீச்சர் நான் வரைந்த அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் நானே ஜெபசிங்குக்கு ஃபோன் செய்தேன்.

“எனக்கு ஏசி ரூமுல இருக்க மாதிரி இருக்கு சார்.”

“டீச்சருக்கு?”

“அவ ஒண்ணும் சொல்லல்ல.”

ஒன்றும் சொல்லாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். இளையவர்களே, இந்தத் தொழிலில் நான் செய்த பிழைகளில் இதைத்தான் மற்றவற்றைவிடப் பெரியதாக நினைக்கிறேன். நூலைத் தவறான மூக்குக்குப் பிடித்தது அறியாமை. ஆனால் ஒருவர் வாய் திறந்து சொன்னதற்கு ஒரு படம் வரைந்து காட்டி, அடுத்த முறை அவர் சொல்லாமல் இருக்கும்படி செய்தது அறியாமை இல்லை. அதற்கு நான் என் படிப்பைப் பயன்படுத்தினேன்.

அதற்கடுத்த வாரம் ஜெபசிங் தனியாக, பைக் இல்லாமல் வந்தார். டீச்சரின் கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. கண் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும், அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரியும், எழுத்து தெரியாது என்று சொல்லிவிட்டார்களாம். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கேட்க வந்திருந்தார்.

“கண்ணாடியாலதானா சார்?”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“கண்ணாடி இல்லாட்டியும் வந்திருக்கலாமாம். ராத்திரி தூக்கத்துல கண்ணு தெறந்தே இருக்குல்லா, அதுலயும் காயுமாம். ஒரு தூசி போதுமாம். எதுன்னு சொல்ல முடியாதுன்னாரு. அவ சொன்னத களைப்புன்னு சொல்லி அன்னைக்கு அடக்கினது நான்தான். அதுதான் கேக்கேன்.”

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். “பாத்துச் சொல்லுகேன்” என்றேன். பார்க்க ஒரே வழிதான் தோன்றியது. ஆரல்வாய்மொழிக்குப் பேருந்தில் போய், மாலையில் ஜெபசிங் வேலை முடிந்து திரும்பும்போது அவர் பைக்கில் பின்னால் ஏறினேன், டீச்சர் உட்காருவது போல. வேட்டியோடு, ஒருபக்கமாக, இடதுபுறம் கால்களைத் தொங்கவிட்டு.

சந்திப்பிலிருந்த டீக்கடையில் ஒருவர் எழுந்து நின்றே பார்த்தார்.

“ஏலே மக்கா, மாப்பிள்ள பொண்ண அழச்சிட்டுப் போறான் பாரு!”

“பொண்ணுக்கு மீச நரைச்சுப் போச்சேலே.”

“இருக்கட்டும்லே, அடக்கமா இருக்குல்லா?”

ஜெபசிங் சிரிக்கவில்லை. வண்டி கணவாய்க்குள் மேற்கே திரும்பியது. அப்போதுதான் எனக்கு முதல் விஷயம் புரிந்தது. காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. காலையில் கிழக்கே போகும்போது அது பின்னாலிருந்து தள்ளுகிறது. முகத்தில் ஒன்றும் தெரியாது. மாலையில் மேற்கே திரும்பும்போது, இடதுபக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பவரின் முகத்திலேயே வந்து அடிக்கிறது. டீச்சர் காலை, மாலை என்று பிரித்தே சொல்லியிருந்தார். நான் அதைக் களைப்பு என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது, கண்ணாடியின் இடது ஓரத்தைச் சுற்றி ஒரு சுழல் என் கன்னத்தில் வந்து அடித்தது. விட்டு விட்டு, கைவிரலால் தட்டுவதுபோல. ஆகா, இதுதான் என்று நினைத்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லி, கொண்டுவந்த ஸ்பேனரால் கண்ணாடியைக் கழற்றினேன். திரும்பிப் போய் அதே தூரத்தை மறுபடி ஓட்டினோம். இப்போது தட்டல் இல்லை. பதிலுக்குச் சீரான, கனமான காற்று. கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது. இது அதைவிட மேலா, மோசமா? சொல்ல முடியவில்லை. மறுபடி மாட்டி ஓட்டினோம். இதற்குள் காற்று தணிந்துவிட்டது. கண்ணாடி நல்லது போலவே தோன்றியது.

“எது சார்?” என்று கேட்டார் ஜெபசிங், வண்டியை ஓரமாக நிறுத்தி.

“தெரியல்ல.”

“ஒண்ணுமே தெரியல்லயா?”

“ஜெபசிங், எனக்கு ஒவ்வொரு தடவையும் கண்ணு தானா மூடுது. மூடாத கண்ணுக்கு எப்பிடி இருக்கும்னு இந்தக் கண்ணு வச்சு எப்பிடிப் பாக்க?”

பின்னால் ஒரு காற்றாலையின் இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஜெபசிங் பழக்கத்தில் அதை நிமிர்ந்து பார்த்து, “அது ஒண்ணு சரியாத்தான் ஓடுது” என்றார்.

அன்று ஏன் கழற்றச் சொன்னீர்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். ஏதோ ஒரு காரணம் வைத்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். “எனக்கு என்னத்த தெரியும்? வேற ஒண்ணும் தோணல்ல, கழத்தச் சொன்னேன். நீரும் கழத்தல்ல. கழத்தியிருந்தா நல்லாயிருக்குமா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் கேலி செய்யவில்லை.

எனவே உங்களுக்கு உறுதியாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. இரண்டு பேர் போகிற வண்டி என்றால் இருவரையும், அவர்கள் வழக்கமாக உட்காருவதுபோல உட்காரவைத்து, பின்னால் இருப்பவரின் மூக்குக்கும் நூல் பிடியுங்கள். எந்தச் சாலை, எந்தத் திசை என்று போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாகக் கேளுங்கள். அவர்களுடைய சாலையிலேயே ஓட்டிப் பாருங்கள். கண்ணாடி வைத்த பிறகு மோசம் என்று யாராவது சொன்னால், முதலில் கழற்றுங்கள், பிறகு பேசுங்கள். இவ்வளவும் செய்தாலும் சரியான உயரம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். முன்னால் இருப்பவருக்குச் சரியானது பின்னால் இருப்பவருக்குத் தவறாக இருக்கலாம். அப்போது யாருக்காக வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதை நூல் சொல்லாது.

டீச்சர் மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்திருக்கும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். இடது இமையின் ஓரத்தை ஒரு தையல் போட்டுச் சேர்த்திருந்தார்கள். ஜெபசிங் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போனார். வர நேரமெடுத்தார்.

“என் தப்பு டீச்சர்” என்றேன்.

“அது உங்களுக்கே தெரியாதுன்னுல்லா அவரு சொன்னாரு?”

“கண்ணாடியாலதானான்னு தெரியாது. நீங்க சொன்னதைக் கேக்காதது என் தப்பு. அது தெரியும்.”

அவர் தலையசைத்தார். மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ அதற்குப் பொருள் இல்லை. கேட்டுக்கொண்டேன் என்பது மட்டும்தான். எனக்கு அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் ஆரல்வாய்மொழியிலிருந்து திரும்பிய நாள் முதல் என்னைத் தூங்கவிடாத ஒன்றைக் கேட்கத்தான் நான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். பதில் தெரிந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

“டீச்சர், கண்ணாடியே இல்லாம போனீங்க. பொறவு சின்னது. அதுக்குப் பொறவு பெரிசு. இந்த மூணுல எதுலதான் குறைச்சலா அடிச்சுது?”

வலது கண்ணால் என்னைப் பார்ப்பதற்காக அவர் முகத்தை முழுவதும் என் பக்கம் திருப்பினார். உண்மையிலேயே நினைவுபடுத்திப் பார்க்கிறார் என்று தெரிந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

“அன்னைக்குக் கேட்டிருந்தா உடனே சொல்லியிருப்பேன் சார். எனக்கு நல்லாத் தெரிஞ்சுதான் இருந்தது” என்றார். “இப்போ எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சு. எத நெனச்சாலும் வலிதான் ஞாபகத்துக்கு வருது.”